ராமநாதபுரம் கடற்கரையில் ஆக்‌ஷன் த்ரில்லர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கம் படம் எடுக்க வரும் யூனிட்டுகளுக்கு இடம் காட்டுவது, படகு பேசி விடுவது, அனுமதிக் கடிதத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது என் பிழைப்பு. சென்னையிலிருந்து வரும் உதவி இயக்குநர்களும், படம் பார்த்துவிட்டுப் போன் போடும் சொந்தக்காரர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வேலை பார்த்த படங்களின் பெயரைச் சொல்ல மாட்டேன், யாரும் கேட்க வேண்டாம்.

த்ரில்லர் என்றால் ஏன் எல்லோரும் இந்தக் கரைக்கே ஓடி வருகிறார்கள்?

எல்லைதான் காரணம். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் நின்றால் இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நடுவில் மணல் திட்டுகள். பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை, தங்கம் என்று மாதத்துக்கு ஒரு கடத்தல் செய்தியாவது பத்திரிகையில் வந்துவிடும். கதை எழுதுகிறவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ராமேஸ்வரம் தீவிலிருந்து வண்டியில் வெளியே வர ஒரே சாலைதான். 1988-இல் திறந்த இந்திரா காந்தி பாலத்தை மறித்துவிட்டால் வில்லன் காரில் தப்ப முடியாது, கடலில்தான் இறங்க வேண்டும். திரைக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வருகிற படங்களில் பாதிக்கு மேல் பாலத்தையும் தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச் கட்டடத்தையும் மேலிருந்து காட்டிவிட்டு, மிச்சக் கதையைச் சென்னைக் குடோனில் முடித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

படத்தில் ஒரே இடமாகத் தெரிவது நிஜத்திலும் ஒரே இடமா?

அபூர்வம். ஹீரோ தனுஷ்கோடி சர்ச்சுக்குள் ஓடுவார். சுவர் திரும்பினால் கீழக்கரைச் சந்தாக இருக்கும். சந்திலிருந்து வெளியே குதித்தால் வாலிநோக்கம் உப்பளம். மொத்தமும் திரையில் ஒரு நிமிடம். சாலை வழியாகப் போனால் தனுஷ்கோடிக்கும் கீழக்கரைக்குமே எண்பது கிலோமீட்டருக்கு மேல், வாலிநோக்கம் அதற்கும் அப்பால். ராமநாதபுரத்துத் தியேட்டரில் அந்த இடம் வரும்போது விசில் வராது, சிரிப்புதான் வரும்.

இப்படி ஒட்டுப்போடக் காரணம் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் மிஞ்சி நிற்பவை பவளக் கல்லால் கட்டிய சுவர்கள். அவற்றில் கயிறு கட்டி ஆளைத் தொங்கவிட முடியாது, சாய்ந்து நின்றாலே பொடி உதிரும். ஆளைச் சுவரில் மோத விடுகிற ஷாட் அனைத்தும் ஆர்ட் டிபார்ட்மென்ட் வேறெங்கோ போடுகிற செட்டில்தான். சந்துக்குக் கீழக்கரை என்றால், பழைய வணிகர் வீடுகளின் உயரமான சுவர்களுக்கு நடுவே உச்சி வெயிலிலும் நிழல் கிடைக்கும். அப்புறம், அங்கே தொழுகை நேரத்துக்கு முன்பே கேமராவை நிறுத்திவிட வேண்டும். யாரும் சொல்லாமலே அதைச் செய்கிற யூனிட்டுக்கு அடுத்த நாள் தேநீர் வீட்டிலிருந்தே வரும்.

எந்த மாதத்தில் வந்தால் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. அவ்வளவுதான் பதில். ஆனால் கால்ஷீட் கிடைக்கிற மாதம்தான் யூனிட் வருகிற மாதம் என்பதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே இரண்டு கடல் இருக்கின்றன. வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று தெற்குக் கடலைக் கொந்தளிக்க வைக்கும், வடக்குப் பக்கம் ஓரளவு அமைதியாகக் கிடக்கும். அக்டோபரில் வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். வடக்குக் கடல் பொங்கும், புயல் எச்சரிக்கைக் கூண்டும் ஏறும். சென்னையில் உட்கார்ந்து 'கடல் காட்சி, 6 நாள்' என்று ஷெட்யூல் போடுகிறவர்கள் எந்தக் கடல் என்று எழுதுவதே இல்லை.

இதனால்தான் படகுக் காட்சி உள்ள யாருக்கும் நான் முதலில் மண்டபத்தைக் காட்டுவேன். அங்கே நிலம் ஒடுங்கி, வடக்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் நடுவே வண்டியில் சில நிமிடம்தான். காலையில் ஒரு பக்கம் அலை கூடிவிட்டால் யூனிட்டை அப்படியே மறுபக்கம் திருப்பிவிடலாம். ஜெனரேட்டர் வண்டி, கேரவன், சாப்பாட்டு வண்டி எதையும் கலைக்க வேண்டாம். மற்ற இடத்தில் அதே நாள் 'பேக்கப்' ஆகியிருக்கும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்துக்கு யூனிட்டைக் கூட்டிவர வேண்டாம். அறை கிடைக்காது, தெருவில் வண்டி நகராது, போலீஸ் யாரும் உங்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா சமயத்திலும் அப்படித்தான், துறைமுகம் முழுக்கப் பாதுகாப்பு.

நூற்றுக்கணக்கான படகுகள் வரிசையாக நிற்கிற ஷாட் எப்போது எடுக்கலாம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அது. படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும், பாதி மேலே ஏற்றப்பட்டு மராமத்தும் பெயின்ட் வேலையும் நடக்கும். பின்னணிக்கு அதைவிட அழகான செட் எந்த ஆர்ட் டைரக்டராலும் போட முடியாது. வெயில் மட்டும் கொல்லும்.

பாம்பன் ரயில் பாலத்தில் சண்டை எடுக்க முடியுமா?

எல்லா இயக்குநரும் கேட்கிற முதல் கேள்வி, எனக்கு மிகவும் அலுத்த கேள்வியும் இதுதான். ரயில்வே இடத்தில் கேமரா வைக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும், கட்டணம் வேண்டும், அவர்களுடைய ஆட்கள் கூடவே இருக்க வேண்டும். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. தூக்குப் பகுதி உள்ள புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே எழும். அது எழும்போது கீழே படகும் மேலே ஆளும் இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யாத ஸ்டண்ட் மாஸ்டர் கிடையாது. ஆனால் அது ஓடுகிற ரயில் பாதை. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினாலே ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காத இடம். அங்கே ஆளைக் கயிற்றில் கட்டி ஆட விடுங்கள் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

செய்வது இப்படித்தான். பாலத்தைச் சாலைப் பாலத்திலிருந்தும், பாம்பன் பக்கத்துக் கரையிலிருந்தும் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸில் நிறைய எடுத்து வைத்துக்கொள்வார்கள். ரயில் கூரைச் சண்டை ஸ்டூடியோவில் ஒரு பெட்டி நீளத்துக்குப் போட்ட செட்டில், கிரீன் மேட் என்கிற பச்சைத் திரைக்கு முன்னால், இரண்டு பெரிய ஃபேன் வைத்து நடக்கும். எடுத்து வைத்த கடல் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இதில் மாட்டிக்கொடுப்பது முடிதான். பாம்பனில் காற்று ஒரே பக்கமிருந்து விடாமல் அடிக்கும், சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ஸ்டூடியோ ஃபேன் காற்றில் முடி நாலா பக்கமும் பறக்கும். கவனித்துப் பாருங்கள்.

சாலைப் பாலத்திலாவது கார் சேஸ்?

அதை மறித்தால் ஒரு தீவையே மறித்த மாதிரி. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் போக வேறு வழி இல்லை. விடியற்காலையில் போக்குவரத்தோடு கலந்து ஒன்றிரண்டு கார் ஷாட் எடுக்கலாம், அதுவும் சாதாரண வேகத்தில். கவிழ்ப்பது, மோதுவது எல்லாம் கனவு.

அப்போ கார் சேஸ் எங்கே எடுக்கிறார்கள்?

உள்நாட்டுப் பக்கம், சீமைக் கருவேலங்காட்டு மண் பாதைகளில். புழுதி நன்றாக எழும், ஆள் நடமாட்டம் குறைவு. ஆனால் கருவேல முள்ளைப் பற்றி முன்பே சொல்லிவிடுகிறேன். அது டயரைக் குத்தும், ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்துக் காலிலும் ஏறும். ஃபைட்டர்கள் உருள வேண்டிய இடத்தைக் காலையிலேயே ஆள் வைத்துக் கையால் தடவித் தடவிப் பொறுக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் போதாது, முள் மண்ணுக்குள் செருகி நிற்கும். பொறுக்கி முடித்து மேலே இரண்டு சட்டி ஆற்று மணல் தூவிவிட்டுத்தான் மாஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

உப்பளத்தில் ஓட விடலாம், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். வாலிநோக்கம் பக்கம் அரசின் உப்புக் கழகத்துக்கும் அளங்கள் உண்டு. ஆனால் வரப்பில் ஓடுங்கள், பாத்தியில் காலை வைக்காதீர்கள். அடியில் பதமாக மிதித்து வைத்த தரை உடைந்து சேறு கலங்கிவிட்டால் அந்தப் பாத்தி உப்பு போச்சு. 'நஷ்டத்தைக் கட்டிவிடுகிறோம்' என்பார்கள். பாத்தியைத் திரும்பப் பதப்படுத்தும் வேலையை யார் செய்வது?

படகுத் துரத்தல் அவ்வளவு வேகமாக எப்படி வருகிறது?

வருவதில்லை, வர வைக்கிறார்கள். சுமை ஏற்றிய விசைப்படகு நீங்கள் நினைப்பதைவிட மெதுவாகத்தான் போகும். வெளிப்புற இயந்திரம் மாட்டிய ஃபைபர் வள்ளம் கொஞ்சம் பாயும். அதை வேகமாகக் காட்டக் கேமராவைத் தண்ணீருக்கு ஒரு முழ உயரத்தில் இறக்குவார்கள். தண்ணீர் லென்ஸை உரசிக்கொண்டு ஓடினால் வேகம் இரட்டிப்பாகத் தெரியும். நொடிக்கு 24 ஃபிரேம் எடுக்க வேண்டிய இடத்தில் 22 எடுத்து, 24-இல் ஓட்டினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். 20-க்குக் கீழே போனால் பழைய நகைச்சுவைப் படம்போல ஆகிவிடும், முதலில் கைகள் காட்டிக்கொடுக்கும். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தாவும் ஷாட்டில் நடுவே கடல் இருப்பதாகத் தெரியும். நிஜத்தில் இரண்டு படகையும் கயிறு போட்டுப் பக்கத்தில் இழுத்து வைத்து, டெலி லென்ஸில் பக்கவாட்டிலிருந்து எடுத்திருப்பார்கள்.

சண்டைக்கு வள்ளத்தைத் தயார் செய்வதே ஒரு பொழுது வேலை. வலை, நங்கூரம், தூண்டில் முள், மிதவைக் கட்டைகள் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். அப்புறம் சோப்புத் தண்ணீர் விட்டுத் தரையைத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் ஃபைபர் தரையில் மீன் வழுவழுப்பு ஏறியிருந்தால் முதல் அடியிலேயே ஆள் விழுவான், அதுவும் மாஸ்டர் சொல்லாத இடத்தில். விளிம்பில் ஃபோம் ஒட்டி, அதன்மேல் படகு நிறத்திலேயே துணி சுற்றுவார்கள். இயந்திரத்தின் விசிறிக்குக் கம்பிக் கூண்டு. விழுகிற ஷாட்டில் இயந்திரம் அணைந்திருக்க வேண்டும், படகு ஓடுவதுபோலக் காட்ட வேறு படகு கயிற்றில் இழுக்கும்.

ஒருமுறை மண்டபத்தில் உதவி இயக்குநர் ஒருவர் ஷூவோடு வள்ளத்தில் ஏறப் போனார். படகுக்காரர் குரலை உயர்த்தாமல், "தம்பி, செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க, அது சோறு போடுற எடம்" என்றார். அந்தப் பையன் இறங்கி, "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டான். சண்டையில் நடிகர்கள் ஷூ போட்டுத்தான் ஆக வேண்டும் என்றபோது அதே படகுக்காரர், "அது நடிப்பு, பரவாயில்ல" என்று ஒத்துக்கொண்டார். கேட்டுவிட்டுச் செய்தால் இங்கே எதற்கும் வழி உண்டு.

படகின் பதிவு எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் மாவட்ட விசைப்படகுகளில் ஐஎன்டி டிஎன் 10 என்று தொடங்கும் எண் எழுதியிருக்கும். கதைக்காக அதன்மேல் பொய் எண்ணைப் பெயின்ட் அடிக்காதீர்கள். அட்டையில் எழுதி ஒட்டுங்கள், ஷாட் முடிந்ததும் உரித்துவிடுங்கள். பொய் எண்ணோடு அந்தப் படகு தவறிக் கடலுக்குப் போய்விட்டால் கடலோரக் காவல் படையிடம் பதில் சொல்வது படகுக்காரர்தான், நீங்கள் இல்லை.

தனுஷ்கோடி இரவுக் காட்சிகளை நிஜமாகவே இரவில் எடுக்கிறார்களா?

மாலைக்கு மேல் அங்கே வெளியாட்களை விடுவதில்லை. கடைசியில் பகலில் எடுத்து இரவாக்குவார்கள். சூரியனை நடிகர் முதுகுக்குப் பின்னால் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு நிறம் திருத்துகிற டிஐ வேலையில் நீலம் ஏற்றினால் நிலா வெளிச்சம்போல வரும். கடற்கரையில் இதற்கு ஒரே எதிரி வானம். எங்கு திருப்பினாலும் பளீரென்று நிற்கும். அதனால் அந்தக் காட்சிகளில் கேமரா பெரும்பாலும் மேலிருந்து கீழே மணலைப் பார்க்கும். தனுஷ்கோடி இரவுச் சண்டையில் வானமே காட்டாத படம் என்றால், இப்போது உங்களுக்குக் காரணம் தெரியும்.

கடலில் விழுவது ஹீரோவா, டூப்பா?

விழும் முன் முகம் தெரிகிற ஷாட் ஹீரோ, விழுகிற ஷாட் டூப், தண்ணீருக்குள் கை கால் உதைக்கிற ஷாட் ஏதோ ஒரு நீச்சல் குளம். மன்னார் வளைகுடாவில் நீருக்கடியில் எடுக்கத் தண்ணீர் தெளிய வேண்டும், அனுமதியும் வேண்டும். இரண்டும் ஒரே நாளில் கிடைப்பது கடினம்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிறார்கள். எந்த ஹீரோவும் அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு த்ரில்லராவது அவர்களில் ஒருத்தியைக் கதாநாயகியாக்கி வரும் என்று காத்திருக்கிறேன்.

ஸ்டண்ட் கலைஞர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா?

இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. 2025 ஜூலை 13-ஆம் தேதி நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் கார் கவிழும் காட்சியை எடுக்கும்போது மூத்த ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் இறந்துபோனார். அனுபவம் குறைந்தவர் இல்லை, பல வருடம் இதையே செய்தவர். அதற்குப் பிறகு சில யூனிட்டுகள் ஆம்புலன்ஸை ஒப்புக்கு நிறுத்தாமல் உண்மையாகவே தயாராக வைக்கின்றன.

இந்தக் கரையில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது தூரம். அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பெரிய சிகிச்சை என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, அது இன்னும் 55 கிலோமீட்டர், அதே ஒற்றைப் பாலத்தைத் தாண்டி. ஆகவே உயரத்திலிருந்து விழுவது, கார் பறப்பது இரண்டையும் தீவுக்குள் வைக்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். ராமநாதபுரத்துக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி மணல் கிடைக்கும்.

இன்னொன்று, உப்புக் காற்று. ஆளைக் கட்டித் தூக்குகிற ரோப் வேலைக்கான இரும்புக் கம்பி, கொக்கி எல்லாம் இங்கே சில நாளிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். தினம் இரவு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட ஒரு ஆளைத் தனியாக வைக்கிற மாஸ்டரோடு நான் நிம்மதியாக வேலை பார்ப்பேன்.

தேசிய விருதுகளில் சண்டைப் பயிற்சிக்கு இடம் கிடைத்ததே 2016 படங்களுக்கான விருதிலிருந்துதான். ஆஸ்கரில் 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து வரப்போகிறது. இத்தனை வருடம் அடிபட்டவர்களுக்கு இவ்வளவு தாமதமாகத்தான் கைத்தட்டல்.

மழையில் சண்டை எடுக்க வேண்டும், தண்ணீர் ஏற்பாடு செய்ய முடியுமா?

முடியாது என்று சொல்வதில்லை, வேண்டாம் என்று சொல்வேன்.

பொய் மழைக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். கடல் தண்ணீரைக் குழாயில் ஏற்றிப் பொழிய விட்டால் நடிகர் கண்ணைத் திறக்க முடியாது, லைட்டும் கேமராவும் பாழாகும், தரையெல்லாம் உப்புப் பூக்கும். நல்ல தண்ணீர் என்றால் லாரி. ஒரு லாரித் தண்ணீர் சில நிமிட மழைக்குத்தான் வரும். ரீடேக் போனால் அடுத்த லாரி. ஒரு ராத்திரிச் சண்டைக்கு எத்தனை லாரி ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாவட்டத்தில் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் தெருக்கள் உண்டு. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்கு அலைவதை எங்கள் ஊர்ச் சாலைகளில் யாரும் பார்க்கலாம். அந்தத் தெருமுனையில் விடிய விடிய நல்ல தண்ணீரைப் பொழிய விட்டு ஒருவன் இன்னொருவனைச் சேற்றில் அடித்துக்கொண்டிருந்தால், பார்க்கிறவர்களுக்குச் சண்டையா தெரியும்? ஒரு முறை ஒரு யூனிட்டில் லாரி வந்து நின்றதும் பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் முதலில் விரட்டப் பார்த்தார். அப்புறம் இயக்குநரே இறங்கி வந்து, "அக்கா, பிடிச்சுக்கங்க" என்று குழாயை அவர்கள் பக்கம் திருப்பச் சொன்னார். அந்தச் சண்டை மழையில்லாமல் புழுதியில் எடுக்கப்பட்டது. படத்தில் அதுதான் நல்ல சண்டை என்று எனக்குத் தோன்றும்.

மழை கட்டாயம் என்றால் நவம்பரில் வாருங்கள், நிஜ மழை கிடைக்கும். இல்லையா, அந்த ஒரு சண்டையை மட்டும் தண்ணீர் உள்ள ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி, வெடி, படகு வெடித்துச் சிதறுவது?

கையில் இருப்பது டம்மிதான் என்றாலும் எல்லையோரக் கிராமத்தில் துப்பாக்கியோடு ஐந்து பேர் படகிலிருந்து குதித்தால் யாராவது காவல் நிலையத்துக்குப் போன் போடுவார்கள், போடவும் வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம், கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இரண்டுக்கும் தேதி, நேரம், ஆட்கள் எண்ணிக்கை, எந்த நாட்டுக் கடற்படைச் சீருடை என்பதுவரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கரையோரக் கிராமத் தலைவர்களிடமும் ஒரு வார்த்தை. இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு வந்தவர்கள் அநேகமாக எல்லா மீனவக் கிராமத்திலும் இருக்கிறார்கள். அந்தச் சீருடையைத் திடீரென்று கரையில் பார்த்தால் அவர்களுக்கு அது விளையாட்டில்லை. துப்பாக்கியில் நெருப்பு சீறுவதையும் சத்தத்தையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வெடிக்கிற படகு, மராமத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய பழைய கட்டை. விலை பேசி வாங்கி, கரையில் ஈர மணலில் வைத்துக் கொளுத்துவார்கள். சுற்றிக் கடல் சிஜி-யில், அதாவது கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் வரும். எண்ணெயும் ஃபைபர் துண்டும் கடலில் கலக்க வனத்துறை விடாது.

ட்ரோன் பறக்க விடலாமா?

பை எடுத்தவுடன் பறக்க விடாதீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி நாடு முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளி பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை, மற்ற இரண்டிலும் தேவை. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையம், பக்கத்தில் சர்வதேச எல்லை. நீங்கள் நிற்கிற இடம் எந்த நிறம் என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அன்றன்றைக்குப் பாருங்கள். 'கல்யாண வீடியோக்காரர் பறக்க விட்டாரே' என்பது பதில் ஆகாது.

கடத்தல்காரன் பதுங்கும் தீவைக் காட்ட வேண்டும், தீவுக்குப் போக முடியுமா?

மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை ஒப்புதல் இல்லாமல் காலே வைக்கக் கூடாது. தீவு மாதிரி வேண்டுமானால் காரங்காட்டு அலையாத்திக் காட்டையோ குந்துகால் பக்கத்துக் கரையையோ கேட்டுப் பாருங்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. கடல் அட்டை மூட்டை வேண்டும் என்றால் ரப்பரில் செய்யுங்கள். 2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், செத்ததைக் கையில் வைத்திருந்தாலும் வழக்குதான். ஆடு, நாய், கழுதை எது நடித்தாலும் விலங்கு நல வாரியத்துக்குப் படப்பிடிப்புக்கு முன்பே எழுத வேண்டும், படம் முடிந்தபிறகு எழுதினால் தணிக்கையில் மாட்டும்.

அங்கே பேசிய வசனம் அப்படியே படத்தில் வருகிறதா?

வராது. காற்றில் மைக்குக்குக் கேட்பது காற்று மட்டும்தான். முழுக்க டப்பிங். ஆனால் நல்ல ஒலிப்பதிவாளர் வந்தால் ஷூட்டிங் இல்லாத நேரத்தில் தனியாகப் போய், படகு மோதும் சத்தம், மீன் ஏலம், அதிகாலை பாங்கு, பனையோலை உரசல் எல்லாம் பதிந்துகொண்டு போவார். அப்படிப்பட்ட படங்களில்தான் ஊர் வாசனை இருக்கும்.

வசனத்தைப் பற்றியும் ஒன்று. ராமநாதபுரம் என்றாலே எல்லோரையும் மதுரைத் தமிழில் மிரட்ட விடுகிறார்கள். கீழக்கரை வீட்டுப் பேச்சு ஒரு மாதிரி, பாம்பன் கரைப் பேச்சு ஒரு மாதிரி, கமுதிப் பக்கம் வேறு மாதிரி. டப்பிங்குக்கு உள்ளூர் ஆள் ஒருவரை இரண்டு நாள் சென்னைக்குக் கூட்டிப் போங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை.

படகுக்கும் ஆளுக்கும் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

தொகை எழுத மாட்டேன், பருவத்துக்குப் பருவம் மாறும். கணக்கு போடும் முறையைச் சொல்கிறேன். அன்று கடலுக்குப் போயிருந்தால் அந்தப் படகுக்கு என்ன கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் வாடகை இருக்க வேண்டும். படகுக்காரருக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பக் கூடாது, பங்குக்குப் போகும் ஆட்களுக்கும் அன்றைய கூலி போய்ச் சேர வேண்டும். விசைப்படகு வாரத்தில் சில நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகின் முறை. படகு சும்மா நிற்கிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் லாபம்.

சண்டைக் காட்சியில் அடிபடும் வேடத்துக்கு ஊர்ப் பையன்களைப் போட முடியாது. ஸ்டண்ட் சங்க உறுப்பினர்கள்தான் செய்ய வேண்டும். அது பையன்களுக்கும் நல்லதுதான், அடிபட்டால் யார் பார்ப்பது? கூட்டத்தில் நிற்கலாம், படகு ஓட்டலாம், அதற்குப் பேட்டா உண்டு.

சண்டை அதிகமானால் தணிக்கையில் என்ன ஆகும்?

2024 விதிகளுக்குப் பிறகு யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஏ வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது, சாட்டிலைட் விற்பனை அடிவாங்கும். அதனால் கழுத்தில் கத்தி இறங்கும் ஷாட்டை, இறங்குவது தெரிகிற மாதிரியும் தெரியாத மாதிரியும் இரண்டு விதமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அனுமதிக்கு எங்கெங்கே போக வேண்டும்?

இடத்தைப் பொறுத்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் காவல்துறையும் எல்லோருக்கும் பொது. கடற்கரை, தீவு என்றால் வனத்துறை. தண்டவாளம் தெரிந்தால் ரயில்வே, தேசிய நெடுஞ்சாலையில் கேமரா வைத்தால் அந்தத் துறை. தர்கா, கோயில், சர்ச் என்றால் அந்தந்த நிர்வாகம். கடலுக்குள் போனால் மீன்வளத்துறை, கடலோரக் காவல் படை. கடிதத்தில் 'சில காட்சிகள்' என்று எழுதாதீர்கள். எந்த இடம், எத்தனை பேர், என்ன கருவி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதினால் கையெழுத்து சீக்கிரம் விழும். ஒரு மாதம் முன்னால் வாருங்கள். முந்தின நாள் ராத்திரி போன் போட்டு 'அண்ணே, நாளைக்குப் பாலம் வேணும்' என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சும்மா ஷூட்டிங் பார்க்க வரலாமா?

தாராளமாக. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள், போனில் எடுத்துப் போட்டுக் கதையைக் கெடுக்காதீர்கள், தொப்பி கொண்டு வாருங்கள். ஒரு அடிக்கு அரைநாள் ஆகும் என்பதால் பெரும்பாலானவர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.